கடைசி ஆளு யாரு?

மருமகன்: கடைசி ஆளு யாருன்னு கண்டுபிடிச்சா முடிஞ்சு மாமி.

மாமி: பந்தியிலயா? உன் மாமாதான். பாயசம் தீராம எழும்ப மாட்டாரு.

மருமகன்: இது கல்யாணப் பத்திரிகை. 23 பேரு. ஒவ்வொரு பேருக்குப் பொறவும் கமா போடச் சொன்னேன், கடைசி பேருக்கும் விழுந்துட்டு.

மாமி: ஒரு தட்டு தட்டி அழிச்சிரு.

மருமகன்: கையால அழிக்கப்பிடாது. கம்ப்யூட்டருக்கு நான் எழுதுன கட்டளை, ஸ்கிரிப்ட், அதே செய்யணும்.

மாமி: கைக்கு என்ன கேடு?

(பதில் இல்லை. நான் பார்த்த கம்ப்யூட்டர்காரர் எவரிடமும் இருந்ததில்லை.)

மாமி: காலத்த நீ இதத் திறக்கும்போ உகாண்டான்னு என்னவோ வந்துச்சே. அங்க நமக்கு ஆரு இருக்கா?

மருமகன்: அது விம் எடிட்டர், ஸ்கிரிப்ட் எழுதுக சாப்ட்வேர். உகாண்டா பிள்ளையளுக்கு உதவச் சொல்லும். 1991-ல பிராம் மூலனார்னு ஒருத்தர் வெளியிட்டது.

மாமி: திருமூலனாருக்குச் சொந்தமா?

மருமகன்: ஹாலந்துக்காரரு! ...ஆ, கிட்டிட்டு. கடைசி பேரு செல்லப்பன். செல்லப்பன் வந்தா கமா வேண்டாம்னுட்டேன்.

மாமி: "செல்லப்பன் தங்கராஜ்"... இது ஆருடே புதுசா?

மருமகன்: அய்யோ, ஒட்டிக்கிட்டு.

மாமி: மொதல்ல நிக்க செல்லப்பன் பாட்டா, கடைசில நிக்கது பேரன். பாட்டா பேர பேரனுக்கு வைக்காம உகாண்டாக்காரனுக்கா வைப்பாவ?

மருமகன்: அப்ப நம்பர் பாக்கணும். கடைசி ஆளு 22.

மாமி: 23 பேருல்லா?

மருமகன்: பூச்சியத்துல இருந்து எண்ணும். மொத ஆளு பூச்சியம்.

மாமி: பாட்டா காதுல விழாம சொல்லு.

மருமகன்: கடைசி ஆள மைனஸ் ஒண்ணுன்னும் கூப்பிடலாம்.

மாமி: பாட்டா பூச்சியம், பேரன் மைனஸ் ஒண்ணு. சம்பந்தி வீட்டுல இதத்தான் முந்தியே சொன்னாவ.

மருமகன்: மாமி...

மாமி: தோவாளைல பூக்கட்டுகவ கடைசி பூ எதுன்னு தேடிட்டா இருக்கா? ரெண்டு பூவுக்கு நடுவுல ஒரு முடிச்சு. பூவுக்குப் பொறவு இல்ல, நடுவுல. கடைசி பூவுக்கு அங்கோட்டு பூவே இல்ல, பொறவு எங்க முடிச்சு போட?

மருமகன்: (மெல்ல) அதுக்கு ஜாயின்னு ஒரு கட்டளை உண்டு, நடுவுல மட்டும் கமா போடும். ஒரே வரி.

மாமி: காலத்த இருந்து அத எங்க வச்சிருந்த?

மருமகன்: ...சரியாயிட்டு. பாருங்க.

மாமி: பாத்தேன். 23 பேரும் ஆம்பிள.

மருமகன்: பொம்பளையளுக்கு "குடும்பத்தார்"னு போட்டிருக்கே.

மாமி: நாலு நாளு மாவு இடிச்சதும் அந்தக் குடும்பத்தாராக்கும். எம்பேரயும் போடு.

மருமகன்: போடுகேன். மாமி... உங்க பேரு என்ன?

மாமி: ஸ்கிரிப்ட் எழுதிக் கண்டுபிடி.