பக்கத்து வீட்டு சார்லியை என்ன செய்வது?
'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்', வில்லி லோமன் என்ற விற்பனையாளரின் வீழ்ச்சியைச் சொல்லும் அமெரிக்க நாடகம். அது பணத்தாசைக்குத் தண்டனை கொடுக்கும் நாடகம் என்று மேலே உள்ள கட்டுரை சொல்கிறது. அப்படியென்றால் வில்லியின் பக்கத்து வீட்டு சார்லி? அவரும் வியாபாரிதான், நன்றாகவே இருக்கிறார். மகன் பெர்னார்ட் உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போகிறான், அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. 1949இல் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் இவர்களைச் சும்மா மேடையேற்றவில்லை. வில்லி லோமனின் கோளாறு வேறு. நாலு பேருக்குப் பிடித்தவனாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பினார், பிள்ளைகளுக்கும் அதையே ஊட்டினார். வேலை போன பிறகும் சார்லி தருகிற வேலையை ஏற்கமாட்டார், முன்பு வாரம் 50 டாலர் வாங்கியதுபோலவே கடன் என்று சொல்லிப் பணம் மட்டும் வாங்கிக்கொள்வார். எனக்கு அந்த இடம்தான் தாங்காது. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'அமெரிக்கக் கதை நமக்கெதற்கு' என்று கேட்டிருக்கிறார். என் சித்தப்பா மருந்துக் கம்பெனி ரெப். ஊரில் எந்த டாக்டரும் தன் பேச்சைத் தட்டமாட்டார் என்பார். கம்பெனி அனுப்பிவிட்டபின், சித்தியிடம் சொல்லாமல் ஒரு மாதம் அதே பையைத் தூக்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினார். அவருக்குப் பணத்தாசை என்று யாராவது சொன்னால் சிரிப்புதான் வரும். அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று: வில்லி தன் கையால் வீட்டு வாசற்படி கட்டியவர். அவர் விற்ற சரக்கையெல்லாம் விட அந்தப் படியில்தான் அவர் அதிகம் இருக்கிறார் என்று கல்லறையருகே மகன் பிஃப் சொல்வான். அந்த ஞாயிற்றுக்கிழமை சிமெண்ட் வேலையை அவர் ஒருநாளும் சாதனையாக எண்ணியதே இல்லை.