மனம் தளராமல் இருந்தால் மட்டும் போதுமா?

சந்திரயான்-2 பற்றி 'தோல்வியில் துவளாமல் மீண்டும் முயன்றார்கள்' என்று ஒரே வரியில் கட்டுரையில் முடித்துவிட்டீர்கள். துவளாமல் இருந்தால் லேண்டர் நிலவில் இறங்கிவிடுமா? 2019 செப்டம்பர் 7 அதிகாலை விக்ரம் லேண்டர் விழுந்த பிறகு, ஏன் விழுந்தது என்று தேடியதுதான் சங்கதியே. இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, பிழை சேர்ந்துகொண்டே போனது. சட்டென்று திரும்பிச் சரிசெய்யலாம் என்றால், திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு. போதாததற்கு, இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அடுத்த முறை, சந்திரயான்-3-இல், அதை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. ஆக்கினார்கள். கால்களை வலுவாக்கி, எரிபொருளைக் கூட்டி, நடு இன்ஜினையே எடுத்துவிட்டார்கள். எதெல்லாம் கெடலாம் என்று யோசித்து, கெட்டாலும் இறங்கும்படி வடிவமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. (திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் எங்க விழுப்புரத்துக்காரர். சொல்லாமல் விட மனசு வரலை.)

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிணற்று மோட்டார் மூன்று தடவை எரிந்து திரும்பி வந்தது. ராசியில்லாத மோட்டார் என்று நானும் புதுக் கம்பி சுற்றிக்கொண்டே இருந்தேன். மேஸ்திரி எரிந்த காயிலைத் தூக்கிக் காட்டினார்: "ரெண்டு பேஸ் கருகிக் கெடக்கு, ஒண்ணு மட்டும் புதுசாட்டம் இருக்கு. மோட்டார்ல என்னடா தேடுற? போய் ஸ்டார்ட்டரைப் பாரு." போய்ப் பார்த்தால் ஒரு கான்டாக்ட் தேய்ந்துபோய்க் கிடந்தது. மூன்று பேஸில் ஒன்றுக்குக் கரண்டு சரியாகப் போகாமல், மற்ற இரண்டும் சுமை தாங்காமல் கருகியிருக்கின்றன. அந்தக் கருகிய காயில் இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது.