சிகாகோவின் அரசு சட்டக் கல்லூரிக்கு அரசு என்ன கொடுத்தது?

சிகாகோவில் சட்டம் படிக்கக் கல்லூரிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சிகாகோ பல்கலைக்கழகம், நார்த்வெஸ்டர்ன், லயோலா, டீபால், கென்ட் என்று ஊருக்குள்ளேயே வரிசையாக இருக்கின்றன. எல்லாம் தனியார். அரசுப் பல்கலைக்கழகத்தில்தான் படிப்பேன் என்றால் வெளியூர்தான்: டிகால்ப், ஷாம்பெய்ன், இல்லாவிட்டால் கார்பன்டேல். கார்பன்டேல் இல்லினாய் மாநிலத்தின் தென்கோடி. காரில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலையும் குடும்பமும் உள்ளவர் எங்கே போய்ப் படிப்பது?

2019 ஆகஸ்ட் 16 அன்று இது மாறியது. 1899இல் தொடங்கிய ஜான் மார்ஷல் சட்டக் கல்லூரி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தோடு இணைந்தது. ஊருக்கு முதல் அரசு சட்டக் கல்லூரி வந்தது.

அதே கட்டிடம், அதே பேராசிரியர்கள், பெயர்ப்பலகைதானே மாறியது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தக் கட்டிடம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். நகரின் மையமான லூப் பகுதியில் ப்ளிமத் கோர்ட் என்ற சின்னத் தெரு. பக்கத்துக் கட்டிடம் சிகாகோ வழக்கறிஞர் சங்கம். நடந்து போகும் தூரத்தில் ஃபெடரல் நீதிமன்றம். ஆபீஸ் முடிந்து இறங்கும் குமாஸ்தா நடந்தே மாலை வகுப்புக்குப் போய்விடலாம். பகலில் வேலை பார்த்தவர்களும் குடியேறிகளின் பிள்ளைகளும் அங்கே வக்கீலானது இப்படித்தான்.

மாலைக் கல்லூரி என்றாலே அமெரிக்க வக்கீல் உலகின் பெரிய மனிதர்களுக்கு ஒரு காலத்தில் வேப்பங்காய். தரம் தரம் என்று 1920களில் அவர்கள் எழுப்பிய குரலில், குடியேறிகள் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் கலந்திருந்தது. ஜான் மார்ஷலுக்கு அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்ததே 1951இல்தான்.

இணைப்பு நடக்காமல் போயிருந்தால்? பக்கத்து இந்தியானாவில் வால்பரைசோ சட்டக் கல்லூரியைப் பாருங்கள். 1879இல் தொடங்கியது. 2017இல் புது மாணவர் சேர்க்கையை நிறுத்தினார்கள். டென்னசியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ள முன்வந்தது. அந்த மாநில உயர்கல்வி ஆணையம் 2018 அக்டோபரில் முடியாது என்றது. அத்தோடு கதை முடிந்தது. அதனால் சிகாகோ இணைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாலை வகுப்புகள் தொடர்ந்தன, உள்மாநில மாணவர்களுக்குக் கட்டணமும் குறைந்தது. லாபம்தான்.

இணைந்த இரண்டே ஆண்டில், 2021இல், மார்ஷல் பெயரையும் எடுத்துவிட்டார்கள். ஜான் மார்ஷல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் பெரும் தலைமை நீதிபதி, ஆனால் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர் என்று வரலாற்று ஆய்வு காட்டியது. பழைய மாணவர்கள் சிலருக்கு வருத்தம் இருக்கலாம். என்னைக் கேட்டால், எடுத்தது சரி.

எனக்கு உறுத்துவது பணம். இந்த இணைப்பு மாநில நிதி இல்லாமலே நடக்கும் என்பதைப் பல்கலைக்கழகத்தினர் பெருமையாகச் சொன்னார்கள். சொன்ன நேரம் அப்படி. 2015 முதல் 2017 வரை முழு பட்ஜெட்டே போட முடியாமல் தவித்த மாநிலம் இல்லினாய். பைசா கேட்கிறோம் என்றிருந்தால் கோப்பு நகர்ந்திருக்காது. சரி, அன்றைக்கு அது சாமர்த்தியம். அதையே நிரந்தர ஏற்பாடாக விட்டுவிட்டால், அரசின் பெயரில் மாணவர்தான் கல்லூரியை நடத்துகிறார், அதுவும் கடன் வாங்கி. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் உதவித்தொகை பெரும்பாலும் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் போகிறது. பகலெல்லாம் உழைத்துவிட்டு ராத்திரி கண்விழித்துப் படிப்பவருக்கு அந்தப் போட்டியில் என்ன வாய்ப்பு?

மாலை வகுப்பு மாணவர்களுக்கு மட்டுமாவது மாநில சட்டமன்றம் தனி நிதி ஒதுக்கட்டும். கல்லூரி முழுவதற்கும் கேட்கவில்லை, அந்த ஒரு பிரிவுக்குக் கேட்கிறேன்.