தடைக்காலமும் நீட்டும் ஒரு பல் டாக்டர் சீட்டும்

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்குப் போன வருடம் பல் மருத்துவப் படிப்பான பி.டி.எஸ்.ஸில் சீட் கிடைத்திருக்கும். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருபவள் என்பதால் கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டியிருக்கும். ஆனால் கலந்தாய்வின்போது விருப்பப் பட்டியலில் பி.டி.எஸ். கல்லூரி ஒன்றைக்கூட அவள் சேர்க்கவில்லை. "பல் டாக்டர் ஆகுறதுக்கா இம்புட்டுக் கஷ்டப்பட்டுப் படிச்ச? இன்னொரு வருசம் எழுது, பெரிய டாக்டராவே ஆயிரலாம்" என்று அவள் மாமா சொன்னார். வீட்டில் எல்லோரும் தலையாட்டினார்கள். அவளைவிடக் குறைவாக எடுத்தவர்களுக்கு அதே ஒதுக்கீட்டில் பி.டி.எஸ். கிடைத்தது.

இந்த வருடம் மருத்துவப் படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வான நீட்டில் அவளுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டது. போன வாரம் கடைவாய்ப் பல் வலி என்று அம்மாவை என் கிளினிக்குக்குக் கூட்டி வந்தாள். நான் அம்மாவின் பல்லைப் பார்த்து முடிக்கும்வரை, மேசையில் இருந்த பல்வரிசை மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் பல் மருத்துவராக இருக்கிறேன். சொந்த ஊர் பாம்பன். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போனவர், அம்மா கடல்பாசி எடுத்தவர். நான் பிளஸ் டூ முடித்தது 2008-இல். அதற்கு முந்தைய வருடம்தான் தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வைச் சட்டம் போட்டு எடுத்திருந்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். எனக்கு எம்.பி.பி.எஸ். எட்டவில்லை, சென்னையில் பி.டி.எஸ். கிடைத்தது. மாநில அரசுக்கு அப்போது அந்த ஒரு பல் மருத்துவக் கல்லூரிதான். இன்று சிதம்பரத்தில் ஒன்று இருக்கிறது, 2023-இல் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையிலும் ஒன்று வந்துவிட்டது.

ஆக, நீட்டை நான் எழுதியதில்லை. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பக்கத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேள்வித்தாள் பார்த்துப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். நீட் வேண்டாம் என்று 2021-இல் நம் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது, அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. நானும் அது வேண்டாம் என்ற பக்கம்தான். ஆனால் இப்போது பிளஸ் டூவில் இருக்கிற பிள்ளைக்கு அந்த விவகாரமெல்லாம் முடியும்வரை மே மாதம் காத்திருக்காது.

அந்த மே மாதத்தைக் கொஞ்சம் பாருங்கள். தேர்வு 2023-இல் மே 7, 2024-இல் மே 5, 2025-இல் மே 4 அன்று நடந்தது. நம் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். வீட்டில் காசு புரளாத நாட்களின் நடுவில்தான் பிள்ளை தேர்வுக்குப் போகிறது. முடிவு ஜூனில் வரும்போது அப்பா இன்னும் கடலுக்கே போயிருக்க மாட்டார், போயிருந்தாலும் முதல் பாடுதான் (ஒருமுறை கடலுக்குப் போய் வருவது) முடிந்திருக்கும். "அடுத்த வருசம் எழுது, மதுரையில கோச்சிங் சேர்த்துவிடுறேன்" என்ற வார்த்தை அந்த நேரத்தில்தான் வருகிறது. அந்தப் பணம் வட்டிக்கு வாங்கிய பணம், இல்லையென்றால் அம்மாவின் காதில் கிடந்த தோடு. பிள்ளைக்கு அது தெரியும். அடுத்த மே மாதம் கேள்வித்தாளைப் பிரிக்கும்போது அந்தத் தோடும் கண்ணில் நிற்கும்.

மதிப்பெண் குறைவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் அனுபவம். போன முறை தெரிந்த கேள்வியையே இந்த முறை சந்தேகப்பட்டு மாற்றிப் போட்டேன் என்று எத்தனையோ பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். "எம்.பி.பி.எஸ். இல்லையென்றால் எல்லாம் போச்சு" என்று நினைத்து உட்காரும் பிள்ளையின் கை நடுங்குகிறது. "இத்தனை எடுத்தால் எம்.பி.பி.எஸ்., இத்தனை எடுத்தால் பி.டி.எஸ்., இரண்டுமே எனக்குச் சம்மதம்" என்று இருக்கிற பிள்ளை நிதானமாக எழுதுகிறது. அதனால்தான் பல் மருத்துவத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் நாளிலேயே வீட்டில் பேசிவிடுங்கள் என்கிறேன். முடிவு வந்த பிறகு பேசினால் அது ஆறுதல் பரிசு மாதிரிதான் பிள்ளையின் காதில் விழும்.

நம் நாட்டில் எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பி.டி.எஸ்.ஸுக்கும் இதே ஒரு தேர்வுதான். அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கென்றே டி.ஏ.டி. என்று தனித் தேர்வு உண்டு. அதில் ஒரு பொருளை மனதுக்குள்ளேயே திருப்பிப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய 90 கேள்விகள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. கனடாவில் நீண்ட காலம் சோப்புக் கட்டியைக் கொடுத்துச் செதுக்கச் சொன்னார்கள். இதை முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. பத்து வயதில் கிழிந்த வலையைப் பொத்தப் பழகிய கைகள் நம் கரையில் எத்தனை! பி.டி.எஸ். முதலாண்டில் மெழுகுக் கட்டியில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்க வேண்டும். என் வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் கடைசி. மெழுகில் அப்படி இல்லை. முதல் கடைவாய்ப் பல்லைச் செதுக்கிக் கொடுத்த அன்று ஆசிரியர் அதை வாங்கி வகுப்பு முழுவதும் காட்டினார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீன் வலையில் முடிச்சுப் போட்ட பழக்கம் அது. நீட்டில் அந்தக் கைக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. பற்களைப் பற்றிச் சொல்லும் செரிமானப் பாடமே 2024 முதல் நீட் பாடத்திட்டத்தில் இல்லை. என்ன செய்வது, அந்தக் கை உள்ளே போக வேண்டுமென்றால் இந்தத் தாளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

தாளைப் பற்றியும் சொல்கிறேன். 180 கேள்வி, 720 மதிப்பெண், 3 மணி நேரம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். பாதி மதிப்பெண், அதாவது 360, உயிரியலில் இருக்கிறது. நம் பிள்ளைகள் உயிரியலைக் கதை மாதிரி படித்துவிட்டு "தெரியும்" என்று மூடிவிடுகிறார்கள். மத்திய அரசுப் பாடநூலான என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் ஒரு படத்துக்குக் கீழே இருக்கும் ஒற்றை வரியிலிருந்தும் கேள்வி வரும். அதனால் வரி வரியாகத்தான் படிக்க வேண்டும். நம் மாநிலப் புத்தகத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதில் இருப்பது எதில் இல்லை என்று பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்வேன். இந்த ஒரு வேலைக்கே இரண்டு மாதம் ஆகும், ஆகட்டும்.

தமிழ் வழிப் பிள்ளைகள் தமிழிலேயே எழுதலாம், தைரியமாக எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் எழுதிப் பழகுங்கள். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது அவர்கள் விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு என்று வழக்குப் போய், 196 மதிப்பெண் கருணை மதிப்பெண்ணாகக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறகு அது உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அந்த வருடம் எழுதிய பிள்ளைகளுக்குக் கடைசியில் எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பாடம் நமக்குப் போதும்.

இயற்பியலை மொத்தமாக விட்டுவிடுகிற பிள்ளைகள் நம் பக்கம் அதிகம். அது 180 மதிப்பெண். முழுவதும் வராது, சரி. மின்னோட்டவியல், குறைகடத்தி, அணு, அலகுகள் இப்படி நான்கைந்து பாடங்களையாவது கையில் பிடியுங்கள். அங்கிருந்து வருகிற 40, 50 மதிப்பெண்ணில்தான் சீட் இருக்கிறது.

அப்புறம், மாதிரித் தேர்வை மதியம் இரண்டு மணிக்கு வையுங்கள். உண்மையான தேர்வு இரண்டு முதல் ஐந்து வரைதான். காலையில் எழுதிப் பழகிய மூளை மே மாத மதியத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கப் பார்க்கும். ஓ.எம்.ஆர். விடைத்தாளை நகலெடுத்து, கருப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டம் நிரப்பியே பழக வேண்டும். 180 வட்டம் நிரப்பவே எவ்வளவு நேரம் போகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தால் பிள்ளைகள் மலைத்துவிடுகிறார்கள். ஒன்றரை மணிக்கு வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். மதுரையில் மையம் விழுந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை தீவுப் பிள்ளைகள் அக்கரைக்கு வந்துதான் ரயில் ஏறினார்கள். இப்போது அந்தச் சிரமம் இல்லை. ஆனாலும் அன்று காலையில் கிளம்பும் வேலை வேண்டாம்.

படிப்பை விட அதிகமாக நம் ஆட்களைக் கவிழ்ப்பது காகிதம். 7.5 சதவீதம் வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் கரையோரத்தில் திருச்சபைகள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகள் நிறைய. ஏழைப் பிள்ளைகள்தான் அங்கேயும் படிக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. அதே தெரு, அதே படகு, அதே கஷ்டம், பள்ளிக்கூடம் மட்டும் வேறு என்பதற்காக ஒரு பிள்ளை வெளியே நிற்கிறது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளையும் இதில் சேர்க்க வேண்டும் என்று நம் கரையிலிருந்து சத்தமாகக் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை, ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பிள்ளையின் அம்மா அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் வந்து கேட்டு அழுத அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, நீட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்று போட மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். நம்மிடம் இருக்கிற சாதிச் சான்றிதழ் அதற்குப் போதாது. ஜனவரிக்கு முன்பே தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

"நீ பல் டாக்டர், அதனால பல்லுக்குப் பேசுற" என்று சொல்வீர்கள். அதனால் ஒன்றை நேராகவே சொல்லிவிடுகிறேன். தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு பி.டி.எஸ். சீட்டுக்காகப் படகை விற்காதீர்கள், வீட்டை அடகு வைக்காதீர்கள். படித்து முடித்து வருகிறவர்கள் நிறைய, அரசு வேலைக்கான இடங்கள் கொஞ்சம். சொந்தமாகக் கிளினிக் வைத்தால் நாற்காலிக்கும் கருவிக்கும் போட்ட கடன் அடைய வருடங்கள் ஆகும். எனக்கும் ஆனது. நான் சொல்வது அரசு ஒதுக்கீட்டில், பெரிய செலவில்லாமல் கிடைக்கிற சீட்டைப் பற்றி மட்டும். நான்கு வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. அதன் பிறகு மேலே படிக்க எம்.டி.எஸ். இருக்கிறது.

இந்தக் கரைக்குப் பல் டாக்டர் தேவையா என்று கேட்பவர்கள் தடைக்காலத்தில் என் கிளினிக்குக்கு வாருங்கள். அந்த 61 நாளில்தான் கூட்டம். கடலுக்குப் போகிற நாட்களில் யாரும் பல்லுக்காக ஒரு பாடுகூட விடமாட்டார்கள். மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். கன்னம் வீங்கி, வாய் திறக்க முடியாமல் வந்து நிற்பார்கள். கன்னத்துக்குள் புகையிலையை அடக்கி அடக்கி வெள்ளைத் திட்டு விழுந்த வாய்களை நான் பார்க்காத வாரம் இல்லை. அதை ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம். முதலில் பார்ப்பது பெரும்பாலும் பல் மருத்துவர்தான். போன மே மாதம் வந்த ஒரு அண்ணனிடம் அந்தத் திட்டைக் கண்ணாடியில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்றார். வந்தார். மதுரைக்கு அனுப்பிச் சதைப் பரிசோதனை செய்து, இப்போது நன்றாக இருக்கிறார்.

அந்தப் பெண்ணிடம் கிளினிக்கிலேயே கேட்டேன், இந்த வருடக் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாயா என்று. இல்லை, இந்த மார்க்குக்கு எதுவும் வராது என்று மாமா சொல்லிவிட்டார் என்றாள். வருமா வராதா என்பது கலந்தாய்வு முடிந்தால்தான் தெரியும், விண்ணப்பிக்க இன்னும் நாள் இருக்கிறது. பள்ளியில் வாங்க வேண்டிய சான்றிதழ்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் அப்பா சனிக்கிழமை கரையில் இருப்பார். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், மாமாவையும் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.