அடுத்த போர்க்களம் காளையார்கோவில் காடாக இருக்கட்டும்

டோட்டல் வார் என்ற கணினிப் போர் விளையாட்டுத் தொடரின் அடுத்த வரலாற்று ஆட்டம் எந்த மண்ணில், எந்தக் காலத்தில் நடக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம்மூர் ஆட்டக்காரர்கள் பலர் யோசிக்காமல் சொல்லும் விடை சோழர் காலம். இராசேந்திர சோழன் மீது எனக்கும் குறையாத மதிப்பு உண்டு. ஆனாலும் 2004இல் வந்த ரோம் ஆட்டத்திலிருந்து இந்தத் தொடரை விடாமல் ஆடிவருபவனாகவும், மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவனாகவும் என் விடை வேறு. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியில் மூண்டு, 1801இல் காளையார்கோவில் காட்டில் அடங்கிய பாளையக்காரர் போர்தான் அடுத்த களமாக வேண்டும். இதற்கான காரணத்தை ஆட்டத்தின் உள்ளிருந்தே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தத் தொடரை ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கில் நாட்டு வரைபடத்தை வைத்துக்கொண்டு வரி, சாலை, படை திரட்டல், உடன்படிக்கை என்று முறைவைத்து ஆடுகிறோம். இரு படைகள் மோதும்போது கீழ் அடுக்கு திறக்கிறது. மேடு, பள்ளம், காடு, ஆறு எல்லாம் உள்ள களத்தில் எந்தப் படைப்பிரிவை எங்கே நிறுத்துவது, யாரை எப்போது பின்வாங்கச் சொல்வது என்பதை நொடிக்கு நொடி முடிவு செய்கிறோம். தொடரின் உயிர் இந்தக் கீழ் அடுக்கில்தான் இருக்கிறது. எனவே ஒரு காலகட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: அந்தக் காலத்துச் சண்டை எப்படி நடந்தது என்பது நமக்கு எவ்வளவு தெரியும், அந்தச் சண்டை ஆட்டக்காரரை எத்தகைய இக்கட்டில் நிறுத்தும்.

சோழர் காலம் இந்த முதல் கேள்வியிலேயே தடுக்கி நிற்கிறது. 1025ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பைப் பற்றி, கல்வெட்டில் அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி ஊர்ப் பெயர்களை அடுக்கிச் சொல்கிறது. ஆனால் எந்தத் துறையில் எத்தனை பேர் இறங்கினார்கள், எதிரி எங்கே அணிவகுத்தான் என்பதைச் சொல்லவில்லை. 949இல் தக்கோலத்தில் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான் என்பது தெரியும்; அன்று சோழப்படையின் இடப்பக்கம் யார் நின்றார்கள் என்பது தெரியாது. மேல் அடுக்குக்கு அது அருமையான காலம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தவிர, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற இன்னொரு கணினி விளையாட்டுத் தொடரின் இரண்டாம் ஆட்டத்துக்கு 2022இல் வந்த கூடுதல் தொகுப்பு இராசேந்திரனின் கதையை ஏற்கெனவே ஆடக் கொடுத்துவிட்டது.

மதுரைக்காரனுக்கு இன்னொரு சபலமும் உண்டு. வெளி வீதிகளில் நடக்கும்போது நாம் பழைய கோட்டை மதிலின் தடத்தை ஒட்டித்தான் நடக்கிறோம். 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்ட அந்தக் கோட்டையின் ஒரு துண்டு இன்றும் பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் நிற்கிறது. அந்த மதிலுக்குள்ளிருந்துதான் மருதநாயகம் எனப்படும் யூசுப்கான் 1763லும் 1764லும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்றார். 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலை முறியடித்தவர், அக்டோபரில் தன்னுடைய ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். அவர் அடக்கமான சம்மட்டிபுரம் வழியாகப் போகும்போதெல்லாம் அந்த முற்றுகையை ஆட வேண்டும் என்று கை பரபரக்கும். ஆனால் அது ஒரே கோட்டையைச் சுற்றிய ஒரே முற்றுகை. ஒரு பெரிய ஆட்டத்தின் முன்னோட்டப் போராக அதை வைக்கலாம்; அதை மட்டும் நம்பி ஓர் ஆட்டத்தைக் கட்ட முடியாது.

1801 அப்படிப்பட்டதன்று. பாஞ்சாலங்குறிச்சியில் மண்கோட்டை முற்றுகை, இடையில் கரிசலிலும் செம்மண்ணிலும் வழிமறிப்புச் சண்டைகள், பிறகு மாதக்கணக்கில் காட்டுப் போர் என்று ஒரே ஆண்டுக்குள் மூன்று வகைப் போர்கள் அடுத்தடுத்து வருகின்றன. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பின் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சில நாட்களிலேயே அதே இடத்தில் கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் படை அதைத் தாக்கிப் பெரும் இழப்போடு பின்வாங்கியது. கர்னல் அக்னியூ கூடுதல் பீரங்கிகளோடு வந்து சேர்ந்த பிறகு மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது.

இந்தத் தொடரின் முற்றுகைகளில் எனக்குள்ள பெரிய மனக்குறை, மதில் என்றால் உயரமான கல் மதில் என்றே அவர்கள் எண்ணுவதுதான். பாஞ்சாலங்குறிச்சி மதில் பன்னிரண்டு அடி உயரமுள்ள, களிமண் இறுகிய சுவர். வெளியே அடர்ந்த முள்வேலி. கல்லில் குண்டு பட்டால் கல் சிதறி விழும். மண்ணில் பட்டால் குண்டு புதைந்து போகும். ஒருவழியாக உடைப்பு விழுந்து சிப்பாய்கள் ஏறினாலும், உள்ளே அவர்களுக்காக நீண்ட ஈட்டிகள் காத்திருக்கும். பீரங்கி வரும்வரை காத்திருப்பதா, மழைக்கு முன் முடித்துவிடுவதா என்ற நெருக்கடி தாக்குபவருக்கு. வேலியை விட்டு வெளியே வந்து அடிப்பதா, உடைப்பிலேயே நிற்பதா என்ற நெருக்கடி காப்பவருக்கு. இவ்வளவும் நடந்தவை, நாள்வாரியாக எழுதப்பட்டவை. கம்பெனியின் கடிதங்கள் ஒருபுறம் இருக்க, எதிர்த்தரப்பின் நினைவு கும்மியாகவும் கதைப்பாடலாகவும் நம்மிடம் தங்கியிருக்கிறது.

அந்தப் போரில் கம்பெனிப் படையோடு இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஊமைத்துரையைப் பற்றி ஒரு காட்சி வருகிறது. பேச இயலாத அவர், வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் ஆங்கிலப் படையாக அடுக்குவாராம். பிறகு நேரத்தையும் இடத்தையும் சைகையால் உணர்த்தி, வாயால் ஓர் ஒலி எழுப்பியபடி மறு கையால் அந்தத் துரும்புகளை ஒரே வீச்சில் துடைத்தெறிவாராம். அதுதான் தாக்குதலுக்கான உத்தரவு. தாக்குதலில் முதல் ஆளாகப் போவதும் அவரே. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உள்ளங்கையையே களமாக்கி, துரும்பையே படைப்பிரிவாக்கிய ஒரு தளபதி நம்மிடம் இருந்திருக்கிறார்.

காட்டுப் போருக்கு வருகிறேன். ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்த, சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களை நோக்கிப் படை நகர்ந்தபோது, சிறுவயல் ஊர் எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று மருதுவின் ஆட்களே அதைக் கொளுத்திவிட்டார்கள். அங்கிருந்து காளையார்கோவில்வரை காட்டை வெட்டிச் சாலை போட முனைந்த அக்னியூ, ஆகஸ்டு மாதம் முழுவதும் முயன்றுவிட்டு, செப்டம்பர் தொடக்கத்தில் அதைக் கைவிட்டு ஒக்கூருக்குத் திரும்பினார். ஒரு பேரரசின் படை மரம் வெட்டியே தோற்ற மாதம் அது.

இதை ஆட்டமாக்க முடியுமா என்று நானும் நில அளவையில் வேலை பார்க்கும் என் பள்ளிக்கால நண்பரும் சென்ற கோடையில் மொட்டை மாடியில் சோதித்துப் பார்த்தோம். தரையில் சுண்ணக்கட்டியால் நீளத்துக்கு இருபது கட்டம் போட்டோம். கம்பெனிச் சிப்பாய்களுக்குப் புளியங்கொட்டை, மருதுவின் ஆட்களுக்கு ஈர்க்குச்சித் துண்டு, மோதலின் முடிவுக்குத் தாயக்கட்டை. ஒரு கட்டத்தை வெட்ட ஐந்து கொட்டைகள் ஒரு முறை முழுக்க அங்கேயே நிற்க வேண்டும். வெட்டிய சாலைக்கு இரண்டு கட்டத்துக்கு ஒரு கொட்டை காவல் நிற்க வேண்டும். பின்னாலிருந்து மாட்டுவண்டி வராவிட்டால் முன்வரிசை பட்டினி. நான் எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் காட்டுக்குள்ளிருந்து வெளிப்படலாம். எட்டாவது கட்டம்வரை நண்பர் சிரித்துக்கொண்டே வந்தார். பதினொன்றாவது கட்டத்தில் தலையைச் சொறிந்துகொண்டு, "மாப்ள, வெட்ட ஆள் விட்டா காவலுக்கு ஆள் பத்தல, காவலுக்கு விட்டா வெட்ட ஆளில்ல" என்றார். பதின்மூன்றாவது கட்டத்தில் எழுந்துவிட்டார். அக்னியூவுக்கு ஏற்பட்ட அதே சிக்கல், புளியங்கொட்டையிலும் அப்படியே வந்து நின்றது.

மறுநாள் இரவு ஒரே ஒரு விதியைச் சேர்த்தோம். அதே செப்டம்பரில் கம்பெனி, படமாத்தூர் கௌரி வல்லப உடையணத் தேவரைச் சிவகங்கையின் உரிமையாளராகச் சோழபுரத்தில் அறிவித்தது. மருதுவோடு நின்றவர்களில் பலர் அதன்பின் விலகினார்கள். அதைக் காட்ட, ஒவ்வொரு முறையும் நான் கட்டையை உருட்டித் தாயம் விழுந்தால் ஓர் ஈர்க்குச்சி இழக்க வேண்டும் என்று வைத்தோம். ஒரு மரமும் கூடுதலாக வெட்டப்படவில்லை. ஆனால் எனக்குக் காவல் வைக்க ஆளில்லாமல் போயிற்று. உண்மையிலும் அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கீழ் அடுக்கில் வென்றவரை மேல் அடுக்கு தோற்கடிக்கும் இத்தகைய களத்தை இரண்டு அடுக்குகளும் உள்ள இந்தத் தொடர் எடுக்காமல் வேறு யார் எடுப்பது?

வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. திரைப்படப் பழக்கத்தில் அதை எறிந்தவர் கைக்கே திரும்பும் மாய ஆயுதமாக்கிவிடக் கூடாது. சின்ன மருதுவிடமே வளரி எறியக் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் வெல்ஷ், கைதேர்ந்தவர் எறிந்தால் நூறு கஜத்துக்குள் குறி தப்பாது என்கிறார். அன்றைய கம்பெனித் துப்பாக்கியின் நம்பத்தக்க தொலைவும் ஏறத்தாழ அதுவே. துப்பாக்கிக்காரர் மருந்து கெட்டித்து மறுபடி சுடுவதற்கு இருபது நொடியாவது ஆகும்; அந்த இடைவெளியை வளரிக்காரர் பயன்படுத்த வேண்டும், காட்டின் விளிம்பை விட்டு அகலாமல். நிலத்தையும் அதே கவனத்தோடு வரைய வேண்டும். கண்மாய்க்கரை இயற்கையான மதில். நீர் வற்றிய உள்வாய் குதிரைக்கு ஓடுதளம், நீர் நிறைந்தால் அதே இடம் தடுப்பு. மழை பெய்த கரிசலில் பீரங்கிச் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். இன்று சிவகங்கைச் சாலையோரம் நாம் பார்க்கும் சீமைக்கருவேலம் மட்டும் அந்த வரைபடத்தில் வரவே கூடாது. அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் இந்தியாவுக்கு வந்தது.

எந்தத் தரப்பையும் மறைக்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. கம்பெனியின் சிவப்புச் சட்டைக்குள் இருந்த சிப்பாய்களில் பலர் இந்த மண்ணின் மக்களே. எட்டயபுரமும் புதுக்கோட்டைத் தொண்டைமானும் கம்பெனியோடு நின்றார்கள். அவர்களையும் ஆட்டக்காரர் எடுத்து ஆடக்கூடிய தரப்புகளாக வைக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பாளையக்காரர் எந்த அச்சத்தில், எந்தக் கணக்கில் அந்த முடிவுக்கு வந்தார் என்பது புரியும். அதேபோல, இன்று இந்தத் தலைவர்களைச் சாதிக்கு ஒருவராகப் பிரித்துச் சுவரொட்டியில் ஒட்டுகிறோம். 1801 ஜூனில் சின்ன மருது திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டச் செய்த அறிக்கை எல்லா வருணத்தாரையும் முசல்மான்களையும் சேர்த்தே அழைத்தது. விருப்பாச்சி கோபால நாயக்கர் முதல் தீரன் சின்னமலைவரை நீண்டது அந்த அணி. ஆட்டத்தின் கூட்டணி முறை அந்த அறிக்கையின் மீதே கட்டப்பட வேண்டும்.

இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் ஓர் ஆட்டம் எடுபடுமா என்று கேட்பவர்கள், 2018இல் பிரிட்டன் தீவுகளை மட்டும் வைத்து இதே தொடரில் ஓர் ஆட்டம் வந்ததை நினைத்துப் பார்க்கலாம். 2010இல் வந்த நெப்போலியன் ஆட்டத்தின் ஸ்பெயின் தொகுப்பில், கெரில்லாப் படைகளை வழக்கமான எல்லைக்கு வெளியேயும் மறைத்து நிறுத்தும் வசதியை அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள். 2012இன் ஜப்பானிய ஆட்டத்தில் வாளும் வேலும் நவீனத் துப்பாக்கியை எதிர்கொள்வதையும் காட்டிவிட்டார்கள். புதிதாகச் செய்ய வேண்டியவை களத்திலேயே காடு வெட்டிச் சாலை போடும் முறை, மண்மதில், விசுவாசம் கரையும் கணக்கு ஆகிய மூன்றும்தான்.

நானும் நண்பரும் இப்போது சிறுவயல், ஒக்கூர், காளையார்கோவில் பகுதியை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துக் காகிதத்தில் வரைந்துகொண்டிருக்கிறோம். மொட்டை மாடி விதிகளை அதில் ஏற்றி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஆட்டத்தை உருவாக்குபவர்களுக்கு அனுப்புவதாக இருக்கிறோம். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கண்மாய்களின் பழைய பெயர்களையும், பெரியவர்கள் சொல்லக் கேட்ட காட்டுத் தடங்களையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வரைபடத்தில் சிறுவயலுக்குத் தெற்கே பதினேழு கட்டங்கள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன.