ஹவானா படம் சாட்சியாகாது

குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் 1915-இல் உலக ஹெவிவெயிட் பட்டப் போட்டியில் வேண்டுமென்றே விழுந்து தோற்றார், வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்துப் படுத்திருக்கும் படமே சாட்சி என்கிறீர்கள். படம் உண்மைதான், முடிவுதான் இடிக்கிறது. கியூபாவின் ஹவானாவில், திறந்தவெளியில், 45 சுற்றுக்குப் பேசிய போட்டி அது. தோற்க முடிவு செய்தவர் 26-ஆம் சுற்றுவரை ஏன் வெயிலில் வேக வேண்டும்? ஜான்சனுக்கு வயது 37. எதிரே ஆறரை அடி உயர ஜெஸ் வில்லார்ட். முதலில் ஜான்சன் கைதான் ஓங்கியிருந்தது, அப்புறம் கால் தளர்ந்துவிட்டது. விட்டுக்கொடுத்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார், சரி. அந்த வாக்குமூலத்தையும் காசுக்குத்தானே விற்றார்!

இன்னொன்று: ஜான்சன் அந்தப் பட்டத்தை வென்றது, நீங்கள் சொல்வதுபோல் 1910-இல் அமெரிக்காவின் ரீனோவில் அல்ல, 1908 டிசம்பர் 26, சிட்னியில், அப்போதைய சாம்பியன் டாமி பர்ன்ஸை வீழ்த்தி. ரீனோவில் முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை வென்று அதைத் தக்கவைத்துக்கொண்டார்.