சிட்ரோயன் வேன் விமானத் தகட்டில் செய்ததா?

நெளிநெளியான உடலும் பன்றி மூக்கு போன்ற முகப்பும் கொண்ட ஒரு பிரெஞ்சு சரக்கு வேனின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. போரில் விழுந்த ஜெர்மனியின் ஜங்கர்ஸ் விமானங்களைப் பிரித்து, அந்தத் தகட்டில்தான் சிட்ரோயன் எச் வேனைச் செய்தார்களாம்.

சுவையான கதைதான், உண்மை இல்லை. ஜங்கர்ஸ் விமானத்தின் மேல்தகடு அலுமினியக் கலவை, வேனின் உடலோ எஃகு. இரண்டுக்கும் பொதுவானது அந்த நெளிவு மட்டுமே. மெல்லிய தகட்டை நெளித்தால் எடை கூடாமல் விறைப்பு கிடைக்கும். நம் தகரக் கூரைக்கும் இதே கணக்குதான்.

எச் வேனின் முன்னோடி, 1939-இல் வந்த டியூப் (TUB) என்ற வேன். முன்சக்கர இயக்கம், பக்கவாட்டில் தள்ளு கதவு எல்லாம் அதிலேயே உண்டு. இன்ஜின் விசையைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் சுழல்தண்டு அடியில் போகாததால் எச் வேனின் தளம் நன்றாகத் தாழ்ந்தது. உள்ளே ஆள் நிமிர்ந்து நின்று சரக்கு அடுக்கலாம். 1947 பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 1948 முதல் 1981 வரை 4,70,000-க்கும் மேல் தயாரானது. உடைந்த விமானங்களிலிருந்து இத்தனை வண்டிகளா?

இந்த விவரங்கள் சிட்ரோயனின் நிறுவன வரலாற்றிலேயே இருக்கின்றன. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள். ஐரோப்பாவில் இருப்பவர்கள் பழைய வண்டிக் கண்காட்சியில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, எச் வேனின் கதவில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். ஒட்டிக்கொள்ளும், அலுமினியத்தில் ஒட்டாது.